வழியில் குறைந்த அரை வோல்ட்

சென்ற மாதம் மூணாறில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அதே பெட்டி அல்ல, அதே இனம். ஆள் உயர மரப்பெட்டி, சாய்ந்த கண்ணாடி, சிவப்புக் குமிழ் வைத்த ஒரு குச்சி, பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஓடுமா என்று கேட்டதற்கு, பவர் சப்ளை போய்விட்டது மேடம், சும்மா அழகுக்கு வைத்திருக்கிறோம் என்றான் அங்கு நின்ற இளைஞன். நான் பெட்டியின் பின்பக்கம் போய், காற்றுப் போகும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் இப்படிச் செய்வதைப் பார்த்து அவன் கொஞ்சம் பயந்துதான் போனான்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெட்டியின் முன்பக்கம் நன்றாகத் தெரியும். காசைப் போட்டுவிட்டு, பின்னால் நிற்பவனின் மூச்சு கழுத்தில் பட விளையாடியிருப்பீர்கள். எனக்குப் பின்பக்கம்தான் தெரியும். நான் எட்டாம் வகுப்பில் இருந்த ஒரு மழைக்காலம் முழுக்க அதன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

அது என் அத்தையின் பெட்டி. அப்பாவின் ஒரே தங்கை அவள். கோயம்புத்தூரில் மாமா தன் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் போனதும், பிள்ளை இல்லாத அத்தையைப் பங்கு பிரித்து அனுப்பிவிட்டார்கள். அவள் பங்குக்கு வந்தது இந்த ஒரு பெட்டி. காய்கறி ஏற்றி வரும் லாரியில் அதைப் படுக்கவைத்து, மாமாவின் வேட்டிகளாலும் ஒரு மெத்தையாலும் சுற்றி, அவள் மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்களுக்கு இரண்டே அறைகள். பெட்டி வாசல் வழியாக உள்ளே நுழையவில்லை. வெளியே தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சவப்பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஜாரில், ஜீப் ஸ்டாண்டை ஒட்டி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன அறையை அத்தை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு பக்கம் கருவாட்டுக்கடை, மறுபக்கம் தையல்கடை. ஒரு பெண் வீடியோ கேம் கடையில் உட்காருவதா என்று அம்மாவுக்குக் கூச்சம். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் துணைக்குப் போய் உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மழையில் நனைந்த பாவாடையைப் பெட்டியின் பின்பக்க ஓட்டைகளுக்கு நேராகப் பிடித்தால் இளஞ்சூடான காற்று வரும். பாவாடை காய்வதற்குள் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். பெட்டிக்குள்ளிருந்து வரும் மெல்லிய ரீங்காரம் என் தொடைவரைக்கும் அதிரும். அத்தை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் விடாத கட்டன்சாயா போட்டுத் தருவாள்.

முதல் சில நாட்கள் ஜீப் டிரைவர்கள், எஸ்டேட் கிளார்க்குகளின் பிள்ளைகள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று கூட்டம் வந்தது. திரையில் ஒரு சின்ன விமானம் கீழேயிருந்து மேலே பறக்கும். எதிரே வருவதை எல்லாம் சுட வேண்டும். பிறகு ஒரு சாயங்காலம், ஒரு டிரைவர் யாரும் எட்டாத கட்டத்தை எட்டியிருந்தபோது, படத்தின் ஓரங்கள் நீரில் நனைந்த காகிதம்போல் நெளிந்தன. எழுத்துகள் கலைந்து குப்பையாயின. திரை இருண்டு, பெட்டி ஒரு 'டக்' சத்தத்தோடு முதலிலிருந்து தொடங்கியது. டிரைவர் பெட்டியை உதைத்தார். அத்தை அவர் காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. காலையில் திறந்தால் நன்றாக ஓடும். உடம்பு சூடேறியதும் நெளியும், கலையும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாமாவின் அண்ணன் தம்பிகள் எந்தப் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அந்த நாட்களில் புத்தகம் மடியில் திறந்திருக்கும். என் கண் ஒரு வரியிலும் நிற்காது. எழுந்துபோய் விளையாடுபவரின் முழங்கைக்கு அடியில் எட்டிப் பார்ப்பேன். படத்தின் இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அது நேராக இருக்கிறதா? மாதாவே, இந்த ஆட்டம் முடியும்வரை நேராக இருக்கட்டும். கோடு லேசாக வளைந்தால் அத்தையின் முகத்தைப் பார்ப்பேன். அவள் எனக்கு முன்பே பார்த்திருப்பாள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மலைக்குளிர் பெட்டிக்குச் சேரவில்லை என்றார் தையல்காரர். செத்தவர் பொருளை வைத்துச் சம்பாதித்தால் இப்படித்தான் என்றாள் அவர் மனைவி. அம்மா தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்கப் போனாள். கரண்டுப் பெட்டியில் தண்ணீரா என்று அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அத்தோடு, பெட்டி நெளியும் நேரங்களில் ஒரு மீன் வாடை வேறு. பக்கத்துக் கடைக் கருவாடு மழையில் ஊறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டோம். கருவாட்டுக்கடைக்காரர், அது என் சரக்கு வாடையே இல்லை என்று சத்தியம் செய்தார். எந்தக் கருவாட்டுக்கடைக்காரர் அப்படிச் சொல்லமாட்டார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அப்பா தன் கருவிப் பையோடு கடைக்கு வந்தார். பெட்டியை ஓடவிட்டுச் சூடேறும்வரை காத்திருந்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். அன்றுதான் அதன் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கீழே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். பக்கத்தில், ஒட்டுப்பலகையில் திருகி வைத்த சப்ளை போர்டு. வீட்டுக் கரண்டை அடக்கி, கேம் போர்டுக்குத் தேவையான ஐந்து வோல்ட்டாக மாற்றுவது அதன் வேலை. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிளக். அங்கிருந்து வண்ண வண்ணக் கம்பிகள் மேலே கேம் போர்டுக்குப் போயின. அப்பா மீட்டரின் கம்பிகளைச் சப்ளை போர்டில் வைத்தார். முள் சரியாக ஐந்தில் நின்றது. பிறகு இருட்டில் கைவிட்டு எதையோ தொட்டார். சட்டென்று கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார். டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார்.

போர்டில் ஒன்றும் இல்லை, அஞ்சு சரியா வருது, மழைக்காலத்தில் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்றார். அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டினார். பெட்டி அதற்குப் பிறகும் நெளிந்தது. இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாதம்மா என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போடிக்காரர் ஒருவர், வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோர் வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மாதா பெருநாள் முடிந்ததும் பதில் சொல்வதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். அத்தை முடியாது என்று சொல்லவில்லை. கடை நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். கடை நிலைக்காவிட்டால் அவளால் வேறு சாக்குச் சொல்ல முடியாது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் போய்விடுவாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. இப்படி ஒரு பெரிய விஷயம் அந்த மஞ்சள் கோட்டில் தொங்கியது.

அத்தை சும்மா இருக்கவில்லை. பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவர் இருந்தார், தொடுபுழைக்காரர். அவர் வந்து பார்த்துவிட்டு, சேச்சி, சப்ளை போர்டில் கண்டென்சர் எல்லாம் உலர்ந்துவிட்டது என்றார். பிளக்கைக் கழற்றி, போர்டைக் கடைக்கு எடுத்துப்போய், உருண்டையான பெரிய கண்டென்சர்களை மாற்றிக் கொண்டுவந்து மாட்டினார். பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடியது. மறுநாளும் ஓடியது. அத்தை எல்லோருக்கும் பருப்புவடை வாங்கிக் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் கோடு வளைந்தது. பிளக்கைக் கழற்றி மாட்டியதில் தற்காலிகமாகச் சரியாகியிருந்தது என்பதும், கண்டென்சருக்கு அதில் பங்கில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தன. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை வடை வாங்கிய தட்டைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றதுதான்.

அதற்குப் பிறகு அவள் அந்த ரேடியோக்காரரிடமே ஒரு பழைய மீட்டரை வாங்கினாள். எந்தக் கம்பியை எங்கே வைப்பது, கைபடக்கூடாத இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பெருநாளுக்கு முந்தைய வாரம் ஒரு பந்த் வந்தது. பஜார் முழுக்க மூடியிருந்தது. ஜீப் ஒன்றுகூட இல்லை. கருவாட்டுக்கடைக்காரர் முதல் நாளே சரக்கையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். அத்தையும் நானும் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பெட்டியை ஓடவிட்டோம். விளையாட ஆள் இல்லாத நேரத்தில் பொறுமையாகப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். தகரத்தில் மழை. பெட்டி சூடேறியது. கோடு வளைந்தது. அப்போது மீன் வாடை வந்தது.

நான் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, கருவாட்டுக்கடைதான் காலியா கெடக்கே?"

அவள் பின்கதவைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி மோந்தாள். நானும் மோந்தேன். வாடை சப்ளை போர்டு பக்கம்தான் கனமாக இருந்தது. அத்தை மீட்டர் கம்பியைப் போர்டின் உள்பக்கத்தில் வைத்தாள். ஐந்து. கேம் போர்டில் வைத்தாள். நாலரை. முள்ளை நான் இரண்டு தடவை படித்துச் சொன்னேன். புறப்படும்போது ஐந்து, போய்ச் சேரும்போது நாலரை. இடையில் இருந்தது அந்தப் பிளக் ஒன்றுதான். வெள்ளையாக இருந்த அது ஒரு ஓரத்தில் பழுத்துக் கறுத்திருந்தது. அத்தை அதைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாவும் அன்னைக்கு இப்படித்தான் வெரல வாயில வச்சாங்க" என்றேன்.

சொல்லும்போது எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. பொருத்தத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்தான் சொன்னேன். அத்தை விரலை மெதுவாக வாயிலிருந்து எடுத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு எட்டியது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, சால்டரிங் அயனும் கொண்டுவரச் சொல் என்று மட்டும் சொன்னாள்.

ஆளில்லாத ரோட்டில் தேயிலைக்கு நடுவே லயம்வரைக்கும் நடந்தேன். அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வளைவில் தோன்றும். இல்லை, அவர் வேறு எதையாவது தொட்டிருப்பார் என்று அடுத்த வளைவில் தோன்றும். வீட்டுக்குப் போய், அத்தை கூப்பிடுகிறாள், பிளக் கறுத்திருக்கிறது என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஏன், எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடையில் அத்தை பின்கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

அப்பா பையைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"பெறவு ஏன் சொல்லல?"

"நான் வேண்டாம்னு சொன்னா நீ கேக்க மாட்ட. அதுவா நின்னுட்டா யாரு மேலயும் குத்தமில்லாம போயிரும்னு நெனச்சேன். ஒனக்கு ஒரு குடும்பம் அமையட்டும்னுதாம்மா."

அத்தை சத்தம் போடவில்லை. "அது நிக்கலண்ணே. வெந்துக்கிட்டு இருந்திச்சு. அதுக்குப் பின்னால வெறும் பலகை. பலகைக்குப் பின்னால இந்தப் புள்ள ஒக்காந்து பாவாட காய வச்சிக்கிட்டு இருந்திச்சு."

அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். பிளக்குக்குப் பின்னால் ஒட்டுப்பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கரி படிந்திருந்தது. அவர் அதை விரலால் தடவினார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலையில் அத்தனை பெரிய மோட்டார்களுக்குப் பயப்படாத மனிதர், ஐந்து வோல்ட் தீ வைக்கும் என்று யோசித்திருக்கவே இல்லை. பெட்டி தானாக நிற்கும், தங்கை தானாகச் சம்மதிப்பாள், அவ்வளவுதான் அவர் கணக்கு. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தங்கைக்கு என்ன வழி என்று ஊரே அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று அந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். அவருடைய பயம் எனக்குத் தெரிகிறது. அவர் செய்தது சரி என்று மட்டும் இன்னும் சொல்ல வரவில்லை.

அவர் எழுந்து வேலையைத் தொடங்கினார். பிளக்கை வெட்டி எறிந்தார்; வெந்துபோன அந்த பிளாஸ்டிக்தான் இத்தனை நாளும் மீன் வாடை அடித்திருக்கிறது. போர்டின் அடியில் திருப்பிக் காட்டினார். பிளக்கின் கால்களைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை வளையமாக ஒரு விரிசல். சூடேறினால் விரியும், ஆறினால் சேரும். அதனால்தான் காலையில் ஓடி, சாயங்காலம் படுத்திருக்கிறது. பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தடித்த கம்பிகளை நேராகப் போர்டிலேயே பற்றவைத்தார். இரண்டு பற்று சரியில்லை என்று அவரே கலைத்து மறுபடி வைத்தார். கரி படிந்த பலகையை அறுத்து எடுத்துவிட்டு ஒரு தகரத் துண்டைத் திருகினார்.

பெட்டியை ஓடவிட்டார்கள். சூடேற வேண்டும், அதுவரை யாராவது விளையாட வேண்டும்.

"நீ வெளையாடு" என்றாள் அத்தை அப்பாவிடம்.

அப்பா அந்தக் குச்சியைத் தொட்டதே இல்லை. ஈரச் சட்டையோடு நின்று, மாட்டைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்து விளையாடினார். அத்தை பின்னால் மீட்டரோடு உட்கார்ந்தாள். நான் மஞ்சள் கோட்டின் பக்கத்தில் நின்றேன். வழக்கமாக வளையும் நேரம் வந்தது. அத்தை பின்னாலிருந்து, அஞ்சு என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் அஞ்சு என்றாள். மழை நின்று, கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியபோதும் கோடு நேராகவே இருந்தது. அப்பாவின் விமானம் அன்று எத்தனையோ முறை வெடித்தது. எல்லாம் அவர் தவறால்தான். பெட்டியின் தவறால் ஒருமுறைகூட இல்லை.

மீன் வாடை வரவில்லை.

போடிக்காரருக்கு முடியாது என்று சொல்ல அப்பா ஆள் அனுப்பவில்லை, அவரே போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா சில வாரங்கள் அத்தையிடம் முகம் கொடுக்கவில்லை. கடை நிலைத்தது. அத்தை பெட்டியின் பின்கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அப்பா கடை வாசல்வரைக்கும் வருவார். ஓடுதா என்று கேட்பார். ஓடுது என்பாள். அவர் உள்ளே வரமாட்டார், அவளும் கூப்பிடமாட்டாள். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்கிய அண்ணனும் தங்கையும், அடுத்த மழைக்காலம்வரை அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. சாப்பாட்டுத் தட்டில் யார் கை முதலில் படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் பெட்டி வேறு விதமாகப் படுத்தது. ரீங்காரம் ஏறி ஏறி, படம் முழுக்கப் பட்டைகள் ஓடின. அத்தை தனக்குத் தெரிந்த இடமெல்லாம் அளந்து பார்த்தாள். ரேடியோக்காரர் வந்து கையை விரித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அவள் என்னிடம், அப்பாவ வரச் சொல்லு என்றாள்.

அன்று ஞாயிறு. பூசை நடுவில் போய்ச் சொன்னேன். அப்பா பாட்டு முடியும்வரைகூட நிற்கவில்லை.

கடைக்கு வந்து பின்கதவுக்கு முன்னால் நின்றார். பூட்டைத் தொடவில்லை. அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் திறந்து உட்கார்ந்து, மீட்டர் கம்பியை ஒவ்வோர் இடமாக வைத்தார். ஒவ்வொரு இடத்திலும், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் வாய்விட்டுச் சொன்னார். இங்க அஞ்சு. இங்க அஞ்சு. இங்க பன்னெண்டு வரணும், பத்துதான் வருது, நீயும் பாத்துக்கோ. முள் தெரியும்படி மீட்டரை அவள் பக்கம் திருப்பித் திருப்பி வைத்தார். தொட்ட இடத்தையெல்லாம் இது சூடு, இது சூடில்லை என்றார். மதியமாகிவிட்டது. கடைசியில் கம்பிகளைக் கீழே வைத்தார்.

"இது ஏன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அத்தை அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். நான் மூலையில் நின்று அவளைப் பார்த்தேன். அவள் ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மீட்டரைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சரிண்ணே, மொதல்லேருந்து பாப்போம்."